உப்பு ஏற்றிப் பார்த்த பை

எங்கள் வீட்டில் எதையும் பாரம் ஏற்றிப் பார்க்காமல் வாங்குவதில்லை. இது என் கணவர் கொண்டுவந்த சட்டம். புத்தக அலமாரி வாங்கப் போனபோது, கடைக்காரர் பதறப் பதற, அதன் நடுத்தட்டில் ஏறி உட்கார்ந்தவர் அவர். மகள் பிறப்பதற்கு முன்பே தள்ளுவண்டி வாங்கப் போய், ஒரு பூசணிக்காயை அதில் படுக்கவைத்துக் கடையைச் சுற்றி வந்தார். பூசணிக்காய்க்குப் பெல்ட்டும் போட்டுவிட்டார். மனதுக்குள் அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் ஜாக்கிரதை. வாய்விட்டுக் கூப்பிடுவது ‘என்னங்க’தான்.

ஆகவே லேப்டாப் பை வாங்கக் கிளம்பிய ஞாயிற்றுக்கிழமை அவர் சமையலறைத் தராசைத் தூக்கிக்கொண்டு வந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

“லேப்டாப்பையே எடுத்துட்டுப் போயிடலாமே?” என்றேன்.

“ஆபீஸ் பொருளு. கடையில ஆயிரம் பேரு வருவான், போவான். கீழ போட்டு உடைச்சா யாரு பதில் சொல்றது?”

லேப்டாப்பைத் தராசில் வைத்து எடை பார்த்தார். இரண்டு பொட்டலம் உப்பு அதற்கு ஏறக்குறைய சரியாக வந்தது. பொட்டலங்களைத் தட்டி, ஒரு துண்டில் லேப்டாப் அகலத்துக்குச் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டார். சார்ஜர், அளவு டேப், கேபினட் கதவுக்கான மாதிரித் துண்டுகள் எல்லாம் நிஜமானவையே. இன்னொரு நாளாக இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன். அன்று சிரிப்பு வரவில்லை.

நான் வீடுகளுக்குச் சமையலறை வடிவமைப்பவள். வாடிக்கையாளர் வீட்டுக்கே போய் அளவெடுத்து, லேப்டாப்பில் வரைந்து காட்டி, ஆர்டர் வாங்கி வருவது என் வேலை. மழைக்காலத்தில் அப்படி ஒரு வீட்டுக்குப் போய்ப் படியில் வழுக்கி விழுந்ததில் இடது தோள்பட்டைக் காரை எலும்பு உடைந்தது. எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எலும்புதான் கூடியது. பழைய ஒற்றைத் தோள் பையை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போனாலே வலி கழுத்தில் ஏறி, விரல்கள் மரத்துப்போகும். இடக்கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியாது.

இது யாருக்கும் தெரியாது. தலையை இடப்பக்கம் சாய்த்து, வலக்கையாலேயே சடை பின்னிக்கொள்ளக் கற்றுக்கொண்டிருந்தேன். முதலாளியம்மா போனில் கேட்டபோது, “எல்லாம் சரியாயிடுச்சு மேடம்” என்று கூசாமல் சொல்லியிருந்தேன்.

“அப்ப திங்கக்கிழமை ஒரு பல் டாக்டர் வீடு இருக்கு, போலாம். நானும் வரேன். முன்ன மாதிரி ஓடியாட முடியுதான்னு பாப்போம். முடியலைன்னாலும் பரவாயில்ல, இங்க போன் எடுக்க ஆள் வேணும்” என்றார் அவர்.

அந்தப் ‘பரவாயில்ல’தான் என் தூக்கத்தைக் கெடுத்தது. போன் நாற்காலி எங்கள் ஆபீஸில் தூணுக்குப் பின்னால், தண்ணீர்க் குடுவைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதில் போய் உட்கார்ந்தவர் யாரும் திரும்ப எழுந்து வெளியே போனதாகச் சரித்திரம் இல்லை. பத்து வருடமாக வீடு வீடாக ஏறி இறங்கியவள் நான். தோளைப் பற்றிக் காட்டிக்கொடுக்காத ஒரு பை வேண்டும். அதற்குத்தான் கடைக்குப் போனோம்.

பைக்கடைக்காரர் முதலில் மரியாதையாகத்தான் இருந்தார். என் கணவர் உப்புச் சுருளை வெளியே எடுத்ததும் அவர் முகம் மாறியது.

“சார், இது பை கடை. மளிகைக் கடை பக்கத்துல.”

“பாரம் வெச்சுப் பாக்காம எப்படிங்க தெரியும்?”

முதலில் ஒரு தோல் பை. பார்க்கக் கம்பீரமாக இருந்தது. மாட்டியதுமே வார் எலும்பில் உட்கார்ந்தது. “வலிக்குதா?” என்றார் கணவர். “இல்லையே” என்றேன். அடுத்தது குறுக்கே மாட்டுவது. கழுத்தை அறுத்தது. “வலிக்குதா?” “சேச்சே.” மூன்றாவது முதுகுப் பை, ஆனால் வார் நாடா மாதிரி மெலிசு. அதற்கும் இல்லை என்றே சொன்னேன். எதுவுமே வலிக்கவில்லை என்றால் எதைத்தான் வாங்குவது? கணவர் பையைப் பார்க்கவில்லை, என் முகத்தையே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். உண்மையைச் சொன்னால் இந்த மனிதர் என்னை வாசற்படி தாண்ட விடமாட்டார் என்று எனக்குப் பயம்.

“சக்கரம் வெச்ச பெட்டி இருக்கு, இழுத்துட்டுப் போலாம்” என்றார் கடைக்காரர்.

“படி ஏறணும்ங்க.”

“அப்ப கடைசியா இது ஒண்ணுதான்.”

வார்கள் உள்ளங்கை அகலம், உள்ளே தடித்த பஞ்சு. முதுகுப் பக்கம் மெத்தை. நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு சின்னக் கொக்கி. அதைப் போட்டதும் இரண்டு வார்களும் எலும்பை விட்டு விலகி உள்ளே வந்தன. பாரம் முதுகுக்குப் போனது. கடையின் உள்படியில் மாடிக்கு ஏறிப் போய், அங்கே தொங்கிய குடைகளைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தேன்.

“வலிக்குதா?”

“என்னது?” என்றேன்.

“இதான்!” என்றார் கணவர் கடைக்காரரிடம். “இதையே குடுத்துடுங்க.”

“உப்பு மூட்டை தூக்கி விளையாடுற வயசா சார் இது?” என்று கடைக்காரரும் தன் பங்குக்குச் சொல்லிவிட்டுத்தான் பில் போட்டார்.

அன்று மாலை வீட்டுக்குள்ளேயே ஒத்திகை. பையை மாட்டிக்கொண்டு கூடத்துக்கும் பால்கனிக்கும் நடந்தேன். பிறகு, பல் டாக்டர் போனில் சொன்ன உத்தேச அளவை வைத்து வரைந்துவந்த சமையலறைப் படத்தை முடித்து, லேப்டாப்பைச் சாப்பாட்டு மேஜையில் சார்ஜ் போட்டேன். காலையில் தனியாகக் கிடந்த சார்ஜரைச் சுருட்டிப் பையின் முன்னறையில் வைத்தேன். கணவர் பையைத் தூக்கிப் பிடிக்க, நான் கைகளை நுழைத்தேன். அவரே கொக்கியையும் போட்டுவிட்டார்.

“எல்லாம் எடுத்தாச்சா?”

“எடுத்தாச்சு.”

பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். பல் டாக்டர் வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் பழுது. ஏறினேன். மேலே முதலாளியம்மா எனக்கு முன்பே வந்து நின்றுகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தார், தோளைப் பார்த்தார். நான் மூச்சு வாங்காமல், “வணக்கம் மேடம்” என்றேன்.

பல் டாக்டர் குள்ளமான, சுறுசுறுப்பான பெண்மணி. எங்களைச் சமையலறைக்குள்ளேயே கூட்டிப்போனார். இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே நிற்கவேண்டிய ஒடுக்கம். “எனக்கு இன்னும் கொஞ்ச நேரத்துல கிளினிக் போகணும். படத்தைக் காட்டுங்க, பாத்துடறேன்” என்றார்.

ஜிப்பைத் திறந்து கையை விட்டேன். விரலில் ரப்பர் பேண்ட் தட்டுப்பட்டது.

உப்பை எடுத்துவிட்டு லேப்டாப்பைக் கணவர் மாற்றி வைத்திருப்பார் என்று நான், நான் மாற்றியிருப்பேன் என்று அவர். எடை சரியாக இருந்ததால் இரண்டு பேருக்கும் சந்தேகமே வரவில்லை. சுருளை வெளியே எடுத்தேன். வேறு என்ன செய்வது?

“என்ன அது?” என்றார் முதலாளியம்மா.

“உப்பு மேடம்.”

பொய் எதுவும் அகப்படவில்லை. வெளியே போய்க் கணவருக்குப் போன் போட்டேன்.

“என்னங்க, மேஜை மேல துண்டு போட்டு மூடி ஏதாவது இருக்கா?”

“ஆமா, தூசி படும்னு நான்தான் ராத்திரி சார்ஜரைக் கழட்டிட்டு மூடினேன்.”

“தூக்கிப் பாருங்க.”

துண்டை இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, “ஐயையோ” என்றார். “இதோ வரேன், இதோ வரேன்.”

அவர் பஸ் பிடித்து வருவதற்குள் டாக்டர் கிளம்பிவிடுவார். நான் உள்ளே வந்தபோது டாக்டர், “பரவாயில்ல, இன்னொரு நாள் பாக்கலாமே” என்று சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் தொழிலில் இன்னொரு நாள் என்றால் இன்னொரு கம்பெனி என்று அர்த்தம். முதலாளியம்மா சிரித்தபடியே கைப்பையை எடுத்துக்கொண்டார். எனக்குத் தூணும் தண்ணீர்க் குடுவையும் தெரிந்தன.

“டாக்டர், இந்த உப்பை உங்க வீட்டுல எங்க வெப்பீங்க?” என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்றே தெரிந்தது.

அவருக்கு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். சுருளிலிருந்து நான் உருவிக்கொடுத்த ஒரு பொட்டலத்தை வாங்கி மேல் அலமாரிக்கு உயர்த்தினார். பாதி வழியில் வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றினார். நுனிக்காலில் நின்றார். தோள் ஏறிக் காதைத் தொட்டது. அந்த அசைவு எனக்கு நன்றாகத் தெரியும். மாதக்கணக்காக நானே செய்துவருவது.

“வலிக்குதா டாக்டர்?”

“நாளெல்லாம் குனிஞ்சு பல்லு பிடுங்குறேன். கழுத்தும் தோளும் போயே போச்சு. அதை எல்லாம் யாருகிட்ட சொல்றது?”

நான் வரைந்த படத்தில் கூரை வரை கேபினட் அடுக்கியிருந்தேன். இடம் நிறைய வேண்டும் என்று அவர் போனில் சொல்லியிருந்தார். பெரிய ஆர்டராகக் காட்டி முதலாளியம்மாவைக் குளிரவைக்கலாம் என்று எனக்கும் ஆசை. இந்தப் பெண்மணி தினமும் அதற்கு அண்ணாந்து கை தூக்க வேண்டும்.

இதை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? சொன்னால் போதாது, காட்ட வேண்டும். காட்டினால் முதலாளியம்மா பார்ப்பார். மற்ற பொட்டலத்தை இடக்கையில் எடுத்தேன்.

“எனக்கு இது வரைக்கும்தான் டாக்டர் வரும்” என்று தூக்கினேன். தோள் உயரத்தில் கை நின்றது. நான் முதலாளியம்மா பக்கம் திரும்பவில்லை. வலக்கையால் பென்சிலை எடுத்து, கை நின்ற இடத்தில் சுவரில் ஒரு கோடு போட்டேன்.

“தினம் எடுக்குற சாமான் எதுவும் இந்தக் கோட்டுக்கு மேல வேண்டாம். மேல, வருஷத்துக்கு ஒரு தடவை எடுக்குறது மட்டும் போதும். கனமானது எல்லாம் கீழ, இழுக்குற டிராயர்ல. குனியவும் வேண்டாம், எக்கவும் வேண்டாம்.”

டாக்டர் தன் கையிலிருந்த பொட்டலத்தைத் தொட்டியிலிருந்து அடுப்புக்கும் அடுப்பிலிருந்து கோட்டுக்கும் கொண்டுபோய்க் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு, “கிளினிக்ல கொஞ்சம் லேட்டாகும்னு சொல்லிட்டு வரேன்” என்று போனோடு உள்ளே போனார்.

சமையலறையில் நாங்கள் இரண்டு பேரும்தான்.

“எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொன்ன?” என்றார் முதலாளியம்மா.

“சொன்னா போன் எடுக்க உக்கார வெச்சிடுவீங்கன்னு பயமா இருந்துச்சு மேடம்.”

அவர் சுவர்க்கோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். அதற்குப் பதில் ஏதாவது திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வாசல் மணி அடித்தது. என் கணவர் வேர்த்து விறுவிறுத்து நின்றார். துண்டில் சுற்றிய லேப்டாப்பை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்திருந்தார். வீட்டில் இருந்த ஒரே நல்ல பை என்னிடம் அல்லவா இருந்தது.

“பஸ்ல எந்திரிச்சு இடம் குடுத்தாங்க” என்றார் மூச்சு வாங்கிக்கொண்டே. “பச்சைக் குழந்தைன்னு நெனச்சுட்டாங்க. ஒரு அம்மா மூஞ்சி பாக்கத் துண்டை விலக்கவே வந்துட்டாங்க.”

முதலாளியம்மா சிரித்துவிட்டார். உள்ளிருந்து வந்த டாக்டருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. லேப்டாப்பைத் திறந்து, கூரை வரை ஏறிய கேபினட்டுகளைக் காட்டி, “இது வேண்டாம் டாக்டர்” என்றேன்.

“எனக்கு அந்தக் கோடு போட்டதுதான் வேணும்” என்றார் அவர்.

முதலாளியம்மா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். “வியாழக்கிழமை அளவெடுக்க இவளே வருவா டாக்டர்” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “மாதிரித் துண்டு எல்லாம் இனிமே என் கார்ல வரும். நீ லேப்டாப்பை மட்டும் தூக்கு. அதையாவது தூக்கு” என்றார்.

எல்லாரும் போன பிறகு மாடிப்படி முனையில் கணவர் பையைப் பிடித்துக்கொள்ள, நான் கைகளை நுழைத்தேன். இந்தத் தடவை ஜிப்பைத் திறந்து, உள்ளே லேப்டாப் இருப்பதை விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டார். உப்புப் பொட்டலங்களை இரண்டு அக்குளிலும் இடுக்கியிருந்தார்.

“வலிக்குதா?” என்றார்.

“வலிக்குது” என்றேன்.

அவர் வேலையை விடச் சொல்லவில்லை. இடது பக்க வாரைக் கொஞ்சம் தளர்த்தினார், என் முகத்தைப் பார்த்தார், இன்னும் கொஞ்சம் தளர்த்தினார்.