வெரி குட் அம்மா

ரொட்டிக் கூடத்தில் மாவு பிசைகிறவள் என்பதால் அவளுக்கு மாவக்கா என்ற பேரே நிலைத்துவிட்டது. யாராவது நிஜப் பேரைச் சொல்லித் தேடி வந்தால், "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அந்த மாவக்காவுக்கு ஒரே தங்கச்சி. கடல் தாண்டி வாக்கப்பட்டுப் போனவள், போன வருஷம் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் படுத்தாள். எழுந்திருக்கவே இல்லை. அவள் விட்டுப்போனது ஒரு பெண் பிள்ளை, பள்ளிக்கூடம் போகிற வயசு. அம்மா போனதோடு அதன் வாயும் மூடிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் பேச்சு இல்லை, அப்பாவிடம் தலையாட்டல்தான். ஞாயிற்றுக்கிழமை போனில் முகம் காட்டும், பெரியம்மாவை உற்றுப் பார்க்கும், அவ்வளவே. அதற்குத் தெரிந்ததோ இங்கிலீஷ் ஒன்றுதான்.

நடுவில் அப்பாக்காரர் உட்கார்ந்து மொழிபெயர்ப்பார். மாவக்கா வாய் வலிக்கச் சொல்வாள்: "உங்கம்மா சின்னதுல தவளையப் பாத்தா என் முதுகுல தாவி ஏறிக்குவா. இறங்கவே மாட்டா. அவளச் சுமந்துக்கிட்டே நான் பள்ளிக்கூடம் போயிருக்கேன்!" அவரால் அதில் பாதியைக்கூடத் தாண்ட முடியாது. ஏதோ இரண்டு சொல் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவார்.

"என்ன மாப்பிள்ளை, நான் முழம் முழமா சொல்றேன். நீங்க விரல் நுனி அளவுக்குச் சொல்லி முடிச்சிட்டீங்க?"

"முடியலக்கா. அவ பேச்ச எடுத்தாலே எனக்கு வார்த்தை வர மாட்டேங்குது."

பாவம், அவரை என்ன சொல்ல? ஆனால் தங்கச்சியின் சின்ன வயசு முழுவதும் இப்போது இருப்பது மாவக்காவின் நெஞ்சில் மட்டும்தான். அதைப் பிள்ளையிடம் சேர்க்காவிட்டால், அம்மா என்றால் அதற்கு ஆஸ்பத்திரிக் கட்டில்தான் மிஞ்சும். 

ஒரு நாள் போனை வாய்ப்பக்கம் பிடித்து, காது மந்தமானவரிடம் கேட்பதுபோல அதனிடமே உரக்கக் கேட்டாள்: "ஏம்ப்பா, இங்கிலீஷ் சும்மா கத்துக் குடுப்பியா?"

அம்மாடி, திறந்ததே ஒரு மடை! படம் காட்டிச் சொல்லித்தரும் பாடம் ஒரு பக்கம். செய்தியை ஆமை நடைக்கு நிறுத்தி நிறுத்திப் படிக்கிறவர் ஒரு பக்கம். சின்னப் பிள்ளைகளுக்கான கதைகளை வாசித்து வைத்திருக்கிறவர்கள் ஒரு பக்கம். ஒரு அகராதி, சொல்லைத் தொட்டால் வாய்விட்டுச் சொல்கிறது. எத்தனை தடவை தொட்டாலும் 'இன்னுமா தெரியல?' என்று முகம் சுளிப்பதில்லை. தப்பாகப் போட்டால் இன்னொரு தரம் போடச் சொல்லும் பயிற்சிகள் வேறு. இத்தனையையும் யாரோ உட்கார்ந்து செய்து, கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். மாவக்கா போனை மடியில் வைத்துக்கொண்டாள். பெரிய ஆற்றங்கரையில் சின்னச் சொம்போடு நிற்பதுபோல இருந்தது அவளுக்கு.

"சும்மா குடுக்கிறதுல ஏதாவது வில்லங்கம் இருக்கும்," என்றார் அடுப்புக்காரர். ரொட்டியை அடுப்பில் தள்ளுகிறவர், எதையும் லேசில் நம்பாத மனிதர்.

"இருந்தா இருந்துட்டுப் போகட்டும். எங்கிட்ட இருந்து எடுத்துட்டுப் போக என்ன இருக்கு, மாவா?"

அவள் பிடித்துக்கொண்டது ஒரு பெண் குரலை. அந்தக் குரல் ஒரு வாக்கியம் சொல்லும். பிறகு சும்மா இருக்கும், கேட்கிறவர் திருப்பிச் சொல்வதற்காக. பிறகு அதே வாக்கியத்தை இன்னொரு தரம் சொல்லிவிட்டு, "வெரி குட்!" என்று பாராட்டும். போனைப் பாலிதீன் பையில் போட்டு ஆணியில் மாட்டிவிட்டுத்தான் மாவில் கை வைப்பாள். கை வைத்தபின் நிறுத்தவும் முடியாது, திருப்பிப் போடவும் முடியாது. முழங்கை வரை மாவு. அதனால் பாடம் அது பாட்டுக்கு ஓடும், கூடமே கேட்டாக வேண்டும்.

முதல் நாள் மாவக்காவுக்கு நாக்கு எழவில்லை. குரல் சொன்னது, காத்திருந்தது, மறுபடி சொன்னது. "வெரி குட்!"

"ஏம்மா, நீதான் வாயே திறக்கலையே! அப்புறம் எதுக்கு வெரி குட்?" என்று அடுப்புக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

ஆனால் மாவக்காவுக்கு அது என்னமோ செய்தது. வாயே திறக்காதவளிடமும் நல்லா இருக்கு என்று சொல்கிற ஒருத்தியை அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. அடுத்த தரம் குரல் காத்திருந்தபோது, மாவைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சொல்லிப் பார்த்தாள். நாள் போகப் போகச் சத்தமாகச் சொன்னாள். பிறகு ரொட்டி வெட்டுகிறவர்கள் சேர்ந்துகொண்டார்கள். கடைசியில் அடுப்புக்காரரும் அடுப்புக்குள் தலையை விட்டுக்கொண்டு, "என் பெட்டி தொலைந்துவிட்டது" என்று இங்கிலீஷில் அலறினார். தொலைப்பதற்கு ஒரு பெட்டிகூட அவரிடம் கிடையாது. அந்தக் குரலுக்கு அவர்கள் வைத்த பேர் வெரி குட் அம்மா.

வெரி குட் அம்மாவின் பாடத்தில் விமான நிலையம் வந்தது, மழை வந்தது, வயிற்று வலி வந்தது. தவளை வரவே இல்லை. அதனால் மாவக்கா வீட்டுக்கு வந்ததும் அகராதியிடம் தவளையைக் கேட்டாள். முதுகைக் கேட்டாள். பயத்தைக் கேட்டாள். ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டி, வேக வைத்து, கடைசியில் நான்கைந்து வாக்கியங்களைச் சேர்த்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை. போனில் பிள்ளை, பக்கத்தில் அப்பா.

"மாப்பிள்ளை, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

"அக்கா, அப்ப யாரு சொல்றது?"

"நான்தான்."

அவர் முழித்தார். அப்புறம் எழுந்து போனார். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிள்ளை பெரியம்மாவைப் பார்த்தது. மாவக்காவுக்கு உள்ளங்கை வியர்த்தது. மாவு இருந்தால் தேவலை, கையை எங்காவது வைத்துக்கொள்ளலாம்.

இங்கிலீஷில் சொன்னாள்: "உன் அம்மாவுக்குத் தவளை என்றால் பயம்."

சொல்லிவிட்டுச் சும்மா இருந்தாள். கேளுங்கள், அவள் இங்கிலீஷ் கேட்டதெல்லாம் அந்த ஒரு குரலிடம்தான். இங்கிலீஷ்காரர்கள் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் இப்படி இடம் விட்டுத்தான் பேசுவார்கள், அதுதான் மரியாதை என்றே அவள் நினைத்திருந்தாள். அதனால் பிள்ளை பேசாமல் இருந்தது அவளைக் கலக்கவில்லை. மாவு பொங்கக் காத்திருப்பதுபோலக் காத்திருந்தாள். பிறகு அதையே இன்னொரு தரம் சொன்னாள். முகம் மலர்ந்து, "வெரி குட்!" என்றாள்.

பிள்ளையின் புருவம் ஏறியது.

"நான் எதுவுமே சொல்லலையே," என்றது.

இங்கிலீஷ்தான். ஆனால் மாவக்காவுக்கு ஒரு எழுத்து விடாமல் புரிந்தது. இதையேதானே அன்றைக்கு அடுப்புக்காரரும் தமிழில் கேட்டார்! கதவுக்குப் பின்னால் அப்பாக்காரர் எதிலோ இடறிய சத்தம். மாவக்கா அடுத்ததைச் சொன்னாள்: "உன் அம்மா என் முதுகில் ஏறிக்கொள்வாள்."

காத்திருந்தாள்.

எங்கோ ஒரு அறையில் வெரி குட் அம்மா, முகம் தெரியாத ஒருத்தி, ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு வாயை மூடிக் காத்திருந்திருக்கிறாள். யாருக்காக என்று அவளுக்குத் தெரியாது. மாவு அப்பிய கை என்று தெரியாது, இந்தப் பிள்ளை என்று தெரியவே தெரியாது. அவள் விட்டுவைத்த அந்த இடம் கடலைத் தாண்டி வந்து இந்த இரண்டு முகங்களுக்கும் நடுவில் இப்போது திறந்து கிடந்தது. 

"என் அம்மா," என்றது பிள்ளை. நிறுத்தியது. "என் அம்மா உன் முதுகில் ஏறிக்கொள்வாள்."

"வெரி குட்," என்றாள் மாவக்கா. குரல் உடைந்து போயிருந்தது, ஆனாலும் சொன்னாள்.

சேர்த்து வைத்ததெல்லாம் ஒன்றொன்றாகப் போய்ச் சேர்ந்தது. சுமந்துகொண்டே பள்ளிக்கூடம் போனதும், வாத்தியார் இரண்டு பேரையும் சேர்த்தே வெளியே நிறுத்தியதும். அந்த இடத்தில் பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல் தெரியச் சிரித்தது. அப்படியே தங்கச்சியின் பல்.

அதோடு மாவக்காவின் இங்கிலீஷ் தீர்ந்தது. அவள் கையை விரித்துக் காட்டினாள்.

பிள்ளை அந்த வெறுங்கையைப் பார்த்தது. பிறகு போனுக்குப் பக்கத்தில் வந்து, அம்மாவைப் பற்றி நீளமாக ஒரு வாக்கியம் சொன்னது. அதில் அம்மா என்ற சொல்லைத் தவிர எதுவும் மாவக்காவுக்குப் பிடிபடவில்லை. சொல்லிவிட்டுப் பிள்ளை சும்மா இருந்தது. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தது.

மாவக்கா அதை அப்படியே, ஒலி ஒலியாக, தட்டுத்தடுமாறித் திருப்பிச் சொன்னாள்.

"வெரி குட்!" என்றது பிள்ளை.