கீழே பார்த்த அம்புகள்

"இழு!" என்ற சத்தம் புகைபோக்கி வழியாக இறங்கி வந்தது. கூடவே ஒரு கைப்பிடி கரியும் அவள் தலையில் கொட்டியது.

"இழுத்துட்டுத்தான் இருக்கேன்! கைதான் கழண்டு வரப்போகுது!"

"அக்கா, சீக்கிரம்! மாமாவுக்குக் கால் தந்தியடிக்குது!" தம்பியின் குரல்.

அவள் கணப்புக்குள் குந்தியிருந்தாள். கூரையிலிருந்து கணவரும் தம்பியும் புகை போவதற்கான, வளைந்து கொடுக்கும் எஃகுக் குழாயை இறக்க, அதன் முனையில் கட்டிய கயிற்றைக் கீழிருந்து அவள் இழுக்க வேண்டும். புகைபோக்கி வளைகிற இடத்தில் குழாய் சிக்கி, மூன்று மணி நேரமாக நகரவில்லை.

போன குளிரில் செங்கல் விரிசல் வழியே புகை மாடி அறைக்குள் கசிந்தது. அங்கே தூங்கிய மகள் நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஏணியின் மூன்றாம் படியிலேயே கண்ணை மூடிக்கொள்கிற மனிதர் இன்று கூரை உச்சியில் நிற்பது அதனால்தான். புது இரும்பு அடுப்பு கூடத்தில் அட்டைப்பெட்டியோடு காத்திருந்தது. வானமோ காலையிலிருந்தே உம்மென்று இருந்தது.

கயிறு திடீரென்று இளகியது. குழாய் சரசரவென்று இறங்கி அவள் மடியில் முட்டியது.

"வந்துடுச்சு!"

"மாமா, இனிமே கண்ணைத் திறக்கலாம்!" தம்பி விசிலடித்தான்.

சிரித்துக்கொண்டே பழந்துணியால் கரியைத் துடைத்தாள். குழாயில் சின்னச் சின்ன அம்புகள். புகை போகும் திசை. அவை மேலே பார்க்க வேண்டும். மாறினால் மடிப்புகளில் தார் கசியும், ஒருநாள் தீப்பிடிக்கும் என்று குழாய் வந்த பெட்டியில் எழுதியிருந்தது. அத்தனை அம்பும் கீழே பார்த்தன.

காலையில் "இந்த முனைதான்" என்று அடித்துச் சொல்லிக் கயிறு கட்டியதே அவள்தான்.

ஒரு சாண்தான் வெளியே தெரிகிறது. அடுப்பை மாட்டிவிட்டால் அதுவும் மறைந்துவிடும்.

மாடியில் மகள் இருமினாள். ஒரே ஒரு தடவை.

"என்னங்க... இறங்காதீங்க."

"ஏன்?"

"குழாய் தலைகீழா வந்திருக்கு. நான்தான் முனையை மாத்திக் கட்டிட்டேன். திரும்ப மேல எடுக்கணும்."

குழாய்க்குள் காற்று ஊளையிட்டது.

"மாப்ளே," என்றது கடைசியில் கணவரின் குரல், "என் இடுப்பை இறுக்கிப் பிடிச்சுக்க."

குழாய் அவள் மடியை விட்டு எழுந்தது. அம்புகள் கீழே பார்த்தபடியே ஒவ்வொன்றாக மேலே இருட்டுக்குள் போயின. அவள் கயிற்றை விட்டுக்கொண்டே இருந்தாள். வளைவில் குழாய் மறுபடியும் முட்டியது. கயிறு நின்றது.

புகைபோக்கி வழியாக முதல் மழைத்துளி இறங்கி, கரி படிந்த அவள் நெற்றியில் விழுந்தது.