சிலம்படிக்கு வந்த துடக்கு

மேல் வாய்க்கால் வீரகத்தியின் சின்னையா, தகப்பனின் தம்பி, செத்துப்போனார் என்று செவ்வாய்க்கிழமை மத்தியானம் தந்தி வந்தது. அவர் சாகவில்லை என்பது அந்தக் குடியேற்றத்தில் ஒரேயொரு ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆள் வீரகத்தியின் மனைவி இரஞ்சிதம். தந்தியை அடிப்பித்ததே அவள்தான்.

அவளைக் குறை சொல்ல முன் வெள்ளிக்கிழமையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை ஐயனார் கோயில் பொங்கல். பொங்கலன்று மேல் வாய்க்காலுக்கும் கீழ் வாய்க்காலுக்கும் சிலம்படி. வென்ற பகுதிக்குக் கோயிலில் முதல் காளாஞ்சி மரியாதை. தோற்ற பகுதிக்கு ஒரு வருசத்து நக்கல். போன வருசம் கீழ் வாய்க்கால் கதிர்காமநாதனின் கம்பு பட்டுத் தவராசாவுக்கு ஒரு கண் போனது. இந்த வருசம் அதே கதிர்காமநாதனுக்கு எதிரே களத்தில் இறங்க வேண்டியவன் வீரகத்தி. வயது நாற்பத்திமூன்று. வலது முழங்கால் மழைக்கு முன்பே மழையைச் சொல்லும்.

சிலம்படியை நிறுத்த வேண்டும் என்று பள்ளிக்கூடத்துத் தில்லைநாதன் மாஸ்ரர் பகுதி அதிகாரி டி.ஆர்.ஓ.வுக்கு ஒரு பெட்டிசம் எழுதி வீடு வீடாகக் கொண்டு திரிந்தவர்தான். ஊர்த் தலைமைக்காரரான விதானையார் அவரைச் சந்தியில் மறித்துக்கொண்டார்.

"மாஸ்ரர், மரத்தாலை விழுந்து சாகிறான், பாம்பு கடிச்சுச் சாகிறான். மரத்தையும் பாம்பையும் டி.ஆர்.ஓ.வைக் கொண்டு நிப்பாட்டுவியளோ?"

"பாம்பை நாங்கள் பொங்கி, மேளம் அடிச்சுக் கூப்பிடுறேல்லை, விதானையார்."

"ஆரும் ஆரையும் இழுத்துக்கொண்டு வந்து இறக்கிறேல்லை. ஆம்பிளையள் தாங்களாத்தான் இறங்கினம்."

"இறங்கமாட்டன் எண்டு ஒருத்தன் சொல்லட்டும் பாப்பம், நீங்கள் அவனை என்னெண்டு கூப்பிடுவியளெண்டு."

விதானையார் சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். பெட்டிசத்தில் ஒரு கையெழுத்தும் விழவில்லை. மாஸ்ரர் இரஞ்சிதத்தின் வாசல் படலைக்கும் வந்தவர்தான். சிலம்பக்காரனின் மனைவி அதிலே கையெழுத்து வைத்தால் புருசனுக்குச் சேலை வாங்கிக் கொடுத்தது மாதிரி. "அவரைக் கேட்டுச் சொல்லுறன்" என்று அனுப்பிவிட்டாள். கேட்கவில்லை.

ஆனால் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தவராசா தெருவில் போகும்போது தலையை ஒரு பக்கம் திருப்பிக் கோழி மாதிரிப் பார்த்துப் போவான். ஒவ்வொரு முறையும் அவள் வீட்டுக்குள் போய்ப் புருசனின் இரண்டு கண்ணையும் பார்ப்பாள். நேரே சொல்ல முடியாததைச் சுற்றிச் செய்ய வேண்டும். துடக்குக்காரன், சாவுத் தீட்டு உள்ளவன், கோயில் வீதி மிதிக்க ஏலாது. துடக்குக்கு ஒரு சாவு வேண்டும். சாவுக்கு ஒரு ஆள் வேண்டும்.

ஆள் இருந்தார். மயில்வாகனம் சின்னையா, தூரத்துச் சொந்த ஊரான வடமராட்சியில். பதினொரு வருசத்துக்கு முன் எல்லை வேலியில் ஊன்றிய கதியால் ஒன்று அரை முழம் தள்ளி நடப்பட்டதில் வீரகத்தியோடு கதை பேச்சு இல்லை. கோபத்தில் கதையாத உறவு செத்தாலும் முப்பத்தொரு நாள் துடக்குத் துடக்குத்தான். செத்தவீட்டுக்குப் புருசன் போகவா போகிறார் என்று இரஞ்சிதம் கணக்குப் போட்டாள். உள்ளூர்த் தபால் கந்தோரில் விலாசத்தையே வாசித்து ஊருக்குச் சொல்லிவிடுவார்கள் என்பதால், புடவை விற்க வரும் மஹ்றூப் நானாவிடம் தமையனுக்கு எழுதிய கடிதத்தைக் கொடுத்து வவுனியாவில் தபாலில் போடச் சொன்னாள். வடமராட்சியிலிருந்த அந்தத் தமையனுக்கும் மயில்வாகனத்தாரைக் கண்ணில் காட்டக்கூடாது. கடிதம் கண்டதும் தமையன் அவரை ஒரு தந்தியில் சந்தோஷமாகவே சாகடித்தார்.

தந்தியை வாசித்துச் சொன்னவர் மாஸ்ரர். கேட்ட வீரகத்தி மண்வெட்டியைப் போட்டுவிட்டு வரம்பிலேயே குந்திவிட்டான். குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதான். பிறகு எழும்பிச் சட்டையைப் போட்டான்.

"எங்கை வெளிக்கிடுறியள்?" என்றாள் இரஞ்சிதம்.

"எங்கையோ? அந்த மனிசனுக்குப் பிள்ளையில்லை. கொள்ளி வைக்க நான்தானே இருக்கிறன்."

போட்ட கணக்கில் அவள் விட்ட இடம் அதுதான். கதியாலை நினைத்தவள் கொள்ளியை மறந்துவிட்டாள்.

"பதினொரு வருசமாக் கதையாத மனிசனப்பா..."

"கதைக்காததுக்கும் சேர்த்துத்தான் போறன்."

பின்னேர பஸ்ஸில் போய்விட்டான். அன்றிலிருந்து இரஞ்சிதத்தின் பாட்டைப் பார்க்க வேண்டுமே! உலையில் அரிசி போட்டாளா என்று மூடியைத் திறந்து பார்ப்பாள். மூடிவிட்டுத் திரும்பவும் திறப்பாள். மாட்டை அவிழ்த்த கையோடு கட்டுவாள். பஸ் வரும் நேரமெல்லாம் படலையில் நிற்பாள். உயிரோடு இருக்கும் சின்னையாவைக் கண்டுவிட்டு மனிசன் கொதித்துக்கொண்டு வரும். வந்த சூட்டோடு கம்பையும் தூக்கும். அந்தக் கோபத்தோடு இறங்கினால் தலை தப்பாது.

பக்கத்து வளவு நேசமலர் வேலிப் பொட்டு ஓட்டையால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி இரஞ்சிதம், செத்த மனிசனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீரைக் காணேல்லை, இந்த நடை நடக்கிறாய்?"

"துக்கம் எனக்குக் காலிலைதான் வரும். நீ உன்ரை அடுப்பைப் பார்."

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வீரகத்தி வந்து இறங்கினான். மீசை இல்லை. கொள்ளி வைத்தவன்தான் மீசை எடுப்பான்.

"எல்லாம் முடிஞ்சுது" என்றான் அவள் முகத்தைப் பாராமல். "புதன்கிழமையே கொள்ளி வைச்சிட்டு வாறன்."

வாயால் சொன்னது பலித்துவிட்டதோ? கடிதம் எழுதியே ஒரு மனிசனைக் கொன்றுவிட்டோமோ? அவள் குசினிக்குள் போய் எரியாத அடுப்பை ஊதினாள். விதானையார் வந்து துக்கம் விசாரித்தார். விசாரித்த வாயாலேயே, வீரகத்திக்குப் பதிலாக அப்புத்துரை இறங்குகிறான் என்றும் சொல்லிவிட்டுப் போனார். அப்புத்துரைக்கு வயது இருபத்திநாலு. கலியாணம் செய்து எட்டு மாதம். கம்பு பிடித்து அதைவிடக் குறைவு.

அவர் போன பிறகுதான் இரஞ்சிதம் புருசனின் பையை உதறினாள். அடியில் ஒரு குட்டான் பனங்கட்டி, பனை வெல்லம். பனையோலைப் பின்னல் இன்னும் பச்சை. செத்தவீட்டில் ஆர் பனங்கட்டி கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள்? திரும்பிப் பார்த்தாள். வீரகத்தியின் மேலுதட்டில் சவரக்கத்தி வெட்டிய கீறல். இரத்தம் இன்னும் ஈரம். புதன்கிழமை எரித்த பிரேதத்துக்கு வெள்ளிக்கிழமை காலை மீசை எடுத்திருக்கிறார் மனிசன். அதுவும் பஸ் மாறும் வவுனியாச் சந்திச் சலூனிலாக்கும்.

அப்படியென்றால் சின்னையா கல்லுப்போல இருக்கிறார். அது இவருக்கும் தெரியும். தந்தி ஆர் வேலை என்பதும் தெரியும். தெரிந்துகொண்டுதான் துடக்குக் காக்கிறார். கீழ் வாய்க்காலே நடுங்கும் சிலம்பக்காரன் வீரகத்திக்கு, இறங்காமல் இருக்க ஒரு சாட்டுக் கிடைத்ததில் அவளை விட அவருக்குத்தான் ஆறுதல்!

இரஞ்சிதம் பனங்கட்டியைப் பானைக்குப் பின்னால் ஒளித்தாள். மத்தியானம் மரக்கறி சமைத்தாள். இரண்டு பேரும் சாகாத மனிசனுக்காகத் துக்கச் சோறு சாப்பிட்டார்கள்.

பின்னேரம் கோயில் பக்கம் பறை தொடங்கியது. வீரகத்தி முற்றத்தில் நடந்தான். அவள் குசினிக்கும் கிணற்றடிக்கும் நடந்தாள். பறை அடியை வைத்தே அவனுக்கு ஆட்டம் தெரியும்.

"இப்ப சலாம் வரிசை, கும்பிடுறாங்கள்" என்றான் தன்பாட்டில். கொஞ்சம் பொறுத்து, "இப்ப சுத்துறாங்கள். பொடியன் காலை அகட்டி வைக்கிறானோ தெரியாது." பிறகு, "தலைக்குக் கம்பைக் குறுக்கை பிடிக்கவேணும். அவனுக்கு நான் அதைச் சொல்லிக் குடுக்கேல்லை."

பறை சட்டென்று நின்றது.

கூச்சல் வரவில்லை. வென்றால் கூச்சல் வரும், தோற்றாலும் வரும். காற்று மட்டும் வந்தது. வீரகத்தி நடு முற்றத்தில் கால் வைத்த இடத்திலேயே நின்றான். நேசமலர் படலையைச் சுற்றிவர நேரமில்லாமல் வேலியைப் பிரித்துக்கொண்டே ஓடிவந்தாள்.

"ஐயோ, அப்புத்துரைக்கு மண்டை வெடிச்சிட்டுது! லொறியிலை வவுனியா ஆசுப்பத்திரிக்கு ஏத்திப் போட்டினம். காதாலை ரத்தம்..."

அப்புத்துரை சாகவில்லை. ஞாயிற்றுக்கிழமை கண் திறந்தான். பெண்சாதியைப் பார்த்து, "ஆரிது?" என்று கேட்டானாம். அவள் வாசலிலேயே விழுந்துவிட்டாளாம். விதானையார் சந்தியில் நின்று, எல்லாம் ஐயனார் செயல் என்றார். வீரகத்திக்கு நல்ல காலம், தந்தி வந்து காப்பாற்றிப்போட்டுது என்றும் சொன்னார்.

அந்தக் கதை வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது வீரகத்தி சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தான். மூன்று நாளாகத் தள்ளித்தான் வைக்கிறான்.

இரஞ்சிதம் எழும்பிச் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். "நான் மாஸ்ரரிட்டைப் போறன். கையெழுத்து வைக்க."

"துடக்கோடை எங்கை போறது?"

"ஆர் செத்த துடக்கு?"

வீரகத்தி அவளைப் பார்த்தான். பிறகு மீசை இல்லாத உதட்டைத் தடவினான்.

"சின்னையா உன்னைச் சுகம் கேட்டவர்" என்றான். "பனங்கட்டி தந்துவிட்டவர். கதியால் கிடக்கட்டும், தைப்பொங்கலுக்கு வாவன் எண்டவர்."

"எனக்குத் தெரியும்."

"எனக்குப் பயமடி. அஞ்சு வருசமாப் பயம். இறங்கமாட்டன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால்... அந்தப் பொடியன்..."

"கையெழுத்து வைச்சால் ஏனெண்டு கேப்பினம்" என்றாள் அவள்.

"கேட்டால் சொல்லத்தானே வேணும்."

இரண்டு பேரும் படலையைத் திறந்துகொண்டு நல்ல வெயிலில் தெருவில் இறங்கினார்கள். துடக்கு வீட்டுக்காரர் சோடியாக ஊர்வலம் போவதை நேசமலர் பார்க்காமல் விடுவாளா? வேலி ஓலைக்கு மேலால் அவளுடைய தலை முளைத்தது.

"எடியே, முப்பத்தொண்டு கழியாமல் எங்கையடி வெளிக்கிட்டனியள்?"

இரஞ்சிதம் நின்றாள். நேசமலருக்குச் சொன்னால் பொழுதுபட முன் இரண்டு வாய்க்காலுக்கும் போய்விடும். நாளைக்குத் தெருவில் போகும்போது பொடியள் பின்னால் நின்று தந்தி தந்தி என்று கத்துவார்கள். வீரகத்திக்கு எந்தப் பெயர் வைப்பார்கள் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

"துடக்கில்லை, நேசம். சின்னையா உயிரோடை இருக்கிறார். தந்தி அடிப்பிச்சது நான்."

"துடக்குக் காத்தது நான்" என்றான் வீரகத்தி. "இறங்கப் பயத்திலை. இப்ப மாஸ்ரரின்ரை பெட்டிசத்திலை கையெழுத்து வைக்கப் போறம்."

நேசமலர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். சந்தியில் விதானையாரின் வெள்ளைச் சால்வை தெரிந்தது. அப்புத்துரையின் வீட்டுப் படலை சாத்திக் கிடந்தது.

"பொறுங்கோ" என்றாள். "செருப்பைப் போட்டிட்டு நானும் வாறன்."

கையெழுத்து வைக்கவா, வேடிக்கை பார்க்கவா என்று அப்போது அவளுக்கே தெரியாது.