பதினொரு பல்பு எரிந்த ஊர்

தொட்டியக்கா சிரித்திருக்கக் கூடாது. சிரித்தாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கலாம். அவளோ கனிமத் துறையின் புது மண்டபத்தில், ஏணி மேல் நின்ற எலெக்ட்ரீஷியன் திடுக்கிட்டுக் கீழே பார்க்கும்படி, கலகலவென்று சிரித்து வைத்தாள்.

சிரிப்புக்குக் காரணம் சுவரில் இருந்தது. சுவர் முழுக்க நாட்டின் வரைபடம். எந்தக் கல் எங்கே கிடைக்கிறதோ அங்கே ஒரு குட்டி பல்பு. பக்கத்திலேயே பட்டை தீட்டிய அந்தக் கல். வைரம், மாணிக்கம் போல ராஜ வம்சத்துக் கற்கள் இல்லை இவை. கார்னெட், அகேட், செவ்வந்திக்கல், சந்திரகாந்தக்கல் என்று நடுத்தரக் குடும்பத்துக் கற்கள். சுவிட்சைப் போட்டதும் நாடெங்கும் ஒன்றிரண்டு பல்புதான் எரிந்தது. கடலோரச் சந்தை ஊர் ஒன்றில் மட்டும் நெருக்கியடித்துக்கொண்டு பதினொன்று. சட்டையில் மற்ற இடத்தையெல்லாம் விட்டுவிட்டு ஒரே இடத்தில் பதினொரு பொத்தான் தைத்த மாதிரி இருந்தது.

"அந்த ஊருலயா? அங்க நாய விரட்டக்கூட ஒரு கல்லு கெடைக்காதே! எல்லாம் வெறும் சேறு!"

வரைபடத்தைத் தயாரித்த அதிகாரி திரும்பினார். அவரை எல்லாரும் மேப் மேடம் என்றுதான் சொல்வார்கள். கழுத்தில் மூக்குக் கண்ணாடி, கையில் அளவு டேப், முகத்தில் ஒரு மாதத் தூக்கமின்மை. வெள்ளிக்கிழமை திறப்பு விழா. இன்று செவ்வாய்.

"யாரு இவங்க?"

"எங்க பட்டறையில கல்லு கழுவுறவங்க மேடம். நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க" என்று முன்னால் பாய்ந்தார் பட்டறை முதலாளி. வரைபடத்துக்கான கற்களை எல்லாம் தீட்டிக் கொடுத்தது அவர் பட்டறைதான். அவர் தொட்டியக்காவுக்குச் சித்தி மகன். வீட்டில் 'டேய்', பட்டறையில் 'முதலாளி'. இந்த மாற்றலில் அவள் அவ்வப்போது தடுமாறுவதுண்டு.

"டேய், இல்ல, முதலாளி, நீங்க சும்மா இருங்க. மேடம், இந்த ஊருன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. உங்க பட்டறைச் சீட்டுல இருக்கு. ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு சீட்டு, அதுல ஊர் பேரு."

"அது வித்தவரோட விலாசம் மேடம்! கல்லு பொறந்த எடத்துக்கு எங்க சீட்டுல கட்டமே கெடையாது."

கல் வியாபாரத்தில் எவனும் தன் கல் எந்த மண்ணில் கிடைத்தது என்று வாய் திறக்க மாட்டான். சொன்னால் மறுநாள் அடுத்தவன் மண்வெட்டியோடு அங்கே நிற்பான். அது கல் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். துறையில் மட்டும் யாருக்கும் தெரியவில்லை. தாங்களே அளந்த இடங்கள் போக மிச்ச நாட்டைச் சீட்டை நம்பியே வரைந்துவிட்டார்கள்.

முதலாளி அவளைத் தூண் மறைவுக்கு இழுத்துப் போனார். "அக்கா, ஒரு வருஷ வேலை இது. ஆர்டர் கொடுத்தவங்க மூஞ்சில இப்படியா கரியப் பூசுவ? எந்த மண்ணுன்னு உனக்கு மட்டும் தெரியுமோ?"

"தெரியும்."

"அப்ப வெள்ளிக்கெழமைக்குள்ள காட்டு. காட்டலேன்னா திங்கக்கெழமையில இருந்து தொட்டிப் பக்கம் வராத. அக்கான்னுகூட பாக்க மாட்டேன்."

அவளோ இருபத்திரண்டு வருஷம் அந்தச் சிமெண்டுத் தொட்டியோடு வாழ்ந்தவள். மூட்டை பிரித்ததும் முதல் கழுவலில் அவள் கைதான் படும். கழுவினால்தான் கல்லின் கீறல் தெரியும், அதன் பிறகுதான் அறுப்பும் பட்டையும். அவள் கல்லைப் பார்த்ததைவிட மண்ணைப் பார்த்ததே அதிகம். மைக்கா மினுங்கும் செம்மண், நகத்தில் ஏறினால் மூன்று நாள் இறங்காத கருமண், எல்லாம் அவள் விரலுக்கு அத்துப்படி. ஆனால் விரலுக்குத் தெரிந்ததை ஊருக்கு எப்படிக் காட்டுவது?

"காட்டுறேன்டா" என்றாள். வாய் எப்போதும் அவளைவிட ஒரு அடி முன்னால்தான் போகும்.

அன்று சாயங்காலமே மேப் மேடம் பட்டறைக்கு வந்து நின்றார். தப்பு இருந்தால் தன் சுவரில்தானே இருக்கிறது! சந்தை ஊரிலிருந்து வந்து இன்னும் பிரிக்காத சந்திரகாந்தக்கல் மூட்டை ஒன்று மூலையில் கிடந்தது. தொட்டியக்கா அதைத் தொட்டியில் கொட்டி, தண்ணீரைத் திறந்து, கையை விட்டுக் கலக்கினாள். தண்ணீர் பால் மாதிரி வெளுத்தது.

"மேடம், அந்தச் சந்தை ஊரு மண்ணு என்ன நெறம்?"

"கருப்பு. ஆத்து வண்டல்."

"இது?"

மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். அடியில் படிந்ததை விரலில் எடுத்துத் தேய்த்தார். "வெள்ளைக் களி. இது அஞ்சு எடத்துல இருக்கு. அஞ்சுல எது?"

"இன்னும் கொஞ்சம் தேய்ங்க. நடுவுல கருப்பா பொடி தெரியுதா? அது மண்ணு இல்ல, சூளைப் புகை. பக்கத்துல எங்கயோ ராப்பகலா எதையோ சுடுறாங்க."

மேடத்தின் முகம் வெளுத்தது, தொட்டித் தண்ணீருக்குப் போட்டியாக. "பீங்கான் கோப்பை ஃபேக்டரி இருக்கிற குன்று. அதைப் பன்னண்டு வருஷத்துக்கு முன்னாடி நானேதான் அளந்தேன். 'களிமண் மட்டும், கற்கள் இல்லை'ன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"அப்ப ரெண்டு பேரும் சேர்ந்தே போயிப் பாத்துருவோம்" என்றாள் தொட்டியக்கா.

புதன் காலை ஜீப் கிளம்பியது. வேடிக்கை பார்க்கவென்றே முதலாளியும் ஏறிக்கொண்டார். குன்றை வெட்டி வெட்டிப் பெரிய வெள்ளைக் கிண்ணமாக ஆக்கியிருந்தார்கள். மேடம் சுத்தியலும் கையுமாகப் பள்ளத்தில் இறங்கினார். ஒன்பது மணி, பத்து மணி, பதினொன்றரை. சுரண்டிய இடமெல்லாம் களி. களியைத் தவிர வேறு எதுவும் இல்லை.

முதலாளி நிழலில் உட்கார்ந்து தொப்பியால் விசிறிக்கொண்டார். "அக்கா, வீட்டுல பாத்திரம் கழுவப் பழகிக்க. அதுவும் கழுவுறதுதானே."

அவளுக்கு அழுகையைவிடக் கோபம் வேகமாக வந்தது. கல்லைத் தேடிப் பள்ளத்தில் இறங்கியது யார் புத்தி? அவள் வாழ்நாளில் ஒரு கல்லையாவது பள்ளத்தில் பார்த்திருக்கிறாளா? பார்த்ததெல்லாம் கழுவுகிற இடத்தில்தானே!

விறுவிறுவென்று மேட்டுக்கு ஏறினாள். அங்கே தகரக் கொட்டகையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் களியைத் தண்ணீரில் கரைத்துச் சல்லடையில் வடித்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரியம்மா இடுப்பில் கைவைத்து மறித்தாள்.

"யாரும்மா நீ? உள்ள வரக் கூடாது."

"நானும் உங்க சாதிதான் தாயி. தண்ணிச் சாதி. இங்க பாரு" என்று ஊறி வெளுத்த விரல்களை நீட்டினாள். மேஸ்திரியம்மா தன் விரலை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டும் ஒரே அச்சு. சிரித்துவிட்டாள்.

"சல்லடையில தங்குறத என்ன பண்றீங்க?"

"அத ஏன் கேக்குற? வாரம் ஒரு சல்லடை கிழியுது அதால. சனியன் புடிச்ச சில்லு. அள்ளி அந்தப் பக்கம் கொட்டுவோம். கடலோரச் சந்தையில இருந்து மூட்டைக்காரரு ஒருத்தரு மாசா மாசம் வந்து, 'பாவம், உங்க குப்பைய நான் எடுத்துட்டுப் போறேன்'னு அள்ளிட்டுப் போவாரு. நல்ல மனுசன். நாங்கதான் டீ போட்டுக் கொடுப்போம்."

"டீயா? பிஸ்கட்டும் கொடுத்தீங்களா?"

"கொடுத்தோமே!"

"மிச்சக் குப்பை?"

"மழைக்கு வழுக்குதுன்னு நடைபாதையில போட்டு மிதிச்சிட்டோம். நீ நிக்கிறியே, அதுதான்."

தொட்டியக்கா மெல்லக் குனிந்து காலடியைப் பார்த்தாள். காய்ந்த களி பூசிய சில்லு, கொட்டகையிலிருந்து டீ அறை வரை, அங்கிருந்து கக்கூஸ், கேட் வரை. பக்கத்தில் நிரம்பி நின்ற வாளியை இரண்டு கையாலும் தூக்கி, வீசிக் கொட்டினாள்.

உச்சி வெயில். களி கரைந்து ஓட, பாதையில் சந்திரகாந்தக்கல்லுக்கே உரிய நீல வெளிச்சம் நழுவியது. அவள் தலையைச் சாய்த்தாள், வெளிச்சமும் கூடவே சாய்ந்தது. பெண்கள் சல்லடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். ஆளுக்கொரு வாளி. ஊற்ற ஊற்ற, பாதை முழுக்க நீலம் ஓடியது.

"ஐயோ, இத மிதிச்சா கக்கூசுக்குப் போனோம்!" என்றாள் ஒருத்தி.

"மேடம்! மேடம்! மேல வாங்க! கல்லு இங்க கால் நீட்டிப் படுத்திருக்கு!"

மேடம் மூச்சிரைக்க ஏறி வந்து, நனைந்த பாதையில் அப்படியே மண்டி போட்டார். ஒரு சில்லை எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் வந்தப்ப வடிகட்டின களியத்தான் தட்டுல வச்சு நீட்டினாங்க" என்றார். "சல்லடைய நான் கேக்கவே இல்லை." பிறகு எழுந்து, எல்லார் முன்னாலும் தொட்டியக்காவின் ஈரக் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

முதலாளி தொப்பியை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். "என்ன முதலாளி, வெயில் அதிகமோ?" என்று கேட்டாள் அக்கா. மேஸ்திரியம்மாவுக்கோ அவர் பக்கம் திரும்பவே நேரமில்லை. "அடுத்த மாசம் வரட்டும் அந்த நல்ல மனுசன். டீ கொடுக்கிறேன், நல்லா சூடா" என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை மண்டபம் திறந்தபோது சந்தை ஊர் இருட்டாக இருந்தது. கோப்பை ஃபேக்டரிக் குன்றில் ஒற்றைப் பல்பு தன்னந்தனியாக, திமிராக எரிந்தது. அணைந்திருந்த பத்துக்கும் கீழே மேடமே எழுதிய பலகை: 'இந்தக் கற்கள் எங்கே கிடைக்கின்றன என்று எங்களுக்கு இன்னும் தெரியாது. தெரிந்தவர் ஒருவரோடு தேடிக்கொண்டிருக்கிறோம்.' வந்தவர்கள் எரிந்த பல்பைவிட அந்தப் பலகை முன்னால்தான் அதிக நேரம் நின்றார்கள்.

திங்கட்கிழமை தொட்டியக்கா தொட்டிப் பக்கம் வரவில்லை. முதலாளியின் போன் மூன்றாவது தடவை அடித்தபோதுதான் எடுத்தாள். பின்னால் ஜீப் சத்தம் தடதடத்தது.

"அக்கா, எங்க இருக்க? மூட்டை வந்து கெடக்கு. நானே கைய விட்டேன், ஒண்ணும் புரியல."

"தொட்டிப் பக்கம் வராதன்னு நீதானேடா சொன்ன?"

"அதான் காட்டிட்டியே அக்கா! எத்தனை நாள்ல வருவ? சீட்டுல மண்ணுக்குன்னு புதுசா கட்டம் போட்டு அச்சடிச்சாச்சு. அத எழுத நீதான் வரணும்."

"இன்னும் பத்துக் கல்லு இருக்கே. முடிச்சிட்டு வரேன். மண்ணு என்ன நெறம்?"

"கருப்பு."

"நகத்துல ஏறுதா?"

போனில் தண்ணீர் கலக்கும் சத்தம் கேட்டது. "ஏறுது அக்கா. தேய்ச்சாலும் போக மாட்டேங்குது."

"போகாது, மூணு நாளாகும்" என்று சொல்லிவிட்டு அவள் டிரைவர் பக்கம் சாய்ந்தாள். "தம்பி, இடது பக்கம் திருப்புங்க. கருமண் மேட்டுக்கு இப்படித்தான் போகணும்."