கட்டிலில் ஒரு பாதி

மனைவி இறந்த ஒன்பதாம் நாள், கட்டிலில் அவள் படுக்கும் பாதியில் புல் முளைத்தது. தலையணையில் தொடங்கி அவள் பாதம் எட்டும் இடத்தோடு நின்றுகொண்டது. அவன் பாதிக்கு ஒரு இழைகூட வரவில்லை. இருவருமே குடிநீர் ஏரிக்கரையில் கூலிக்குப் புல் வெட்டியவர்கள். அதனால் அவன் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. இன்னும் ஒரு வேலை என்று மட்டும் நினைத்தான். புல் வெட்டும் மிஷின் அதன்மேல் போனதும் அணைந்தது. கை அரிவாள் ஒரே இழுப்பில் மழுங்கியது. அவளுடைய அரிவாளுக்குத்தான் அது மசிந்தது. நின்றபடியே வீசி அறுக்கும் அரிவாள் அது, நீளக் காம்பு அவள் உயரத்துக்குச் செதுக்கியது. அவனோ அவளைவிட ஒரு தலை உயரம். தினமும் விடிகாலையில், புல்லில் ஈரம் இருக்கும்போதே, தன் பாதியில் ஏறி நின்று முழங்காலை மடக்கி அறுத்துக் கோணியில் அள்ளினான். பிறகு வலிக்கும் அதே முதுகோடு ஏரிக்கரை வேலைக்குப் போனான்.

ஐந்து மாதம் கழித்து ஒருநாள் காய்ச்சலில் அறுக்காமல் விட்டான். மாலைக்குள் புல் ஜன்னல் உயரம் வந்தது. கீழே குடியிருந்த வீட்டுக்காரரின் கூரையில் வேர் தொங்கியது. அவர் மேலே வந்து பார்த்தார். "தம்பி, நான் வாடகைக்கு விட்டது வீடு, வயல் இல்ல. வெள்ளிக்கிழமைக்குள்ள புல்லு போகணும், இல்ல நீ போகணும்." அவன் அக்கா களைக்கொல்லி டப்பாவோடு வந்தாள். "அடிச்சுவிட்டுட்டு என்கூட வந்துருடா. எத்தன நாளைக்கு இப்படி?" தெரியலக்கா என்றான். டப்பாவைக் கட்டிலடியில் தள்ளிவைத்தான்.

அந்த வாரம்தான் அந்தத் தப்பைச் செய்தான். முதுகு தாங்காமல் அவள் அரிவாளைத் தச்சரிடம் கொடுத்துத் தன் உயரத்துக்குப் புதுக் காம்பு போட்டான். பழையதை அவர் அடுப்பில் வைத்துவிட்டார். மறுநாள் அரிவாள் தண்ணீரைத் தடவுவதுபோல் புல்லைத் தடவிப் போயிற்று. வியாழக்கிழமை டப்பாவைத் திறந்தான். வெகுநேரம் பார்த்துவிட்டு மூடினான். தச்சரிடம் திரும்பப் போய், மனைவியின் உயரத்துக்கே காம்பு வேண்டும் என்றான்.

"அவங்க உயரம் எவ்ளோ?"

"என் தோளுக்கு வருவா."

"உன் தோள வச்சு நான் எதப்பா அளக்கறது?"

ஏழு வருடம் கூடவே இருந்தும் அவனுக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து, தலையணையில் புல் தொடங்கும் இடத்திலிருந்து கால்மாட்டில் அது முடியும் இடம் வரை நூலை நீட்டிப் பிடித்தான். ஐந்தடிக்கு ஒரு அங்குலம் குறைவு. இவ்வளவுதான் இருந்தாளா என்று நினைத்தபடியே நூலில் முடிச்சிட்டுத் தச்சரிடம் எடுத்துப் போனான். "கட்டில அளந்து அரிவாளுக்குக் காம்பு போடற மொத ஆளு நீதான்" என்றபடியே தச்சர் அன்றே வெட்டிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை விடிகாலை, ஒரே வீச்சில் புல் சாய்ந்தது; கீழே தொங்கிய வேரும் உள்ளே போய்விட்டது. வந்து நின்ற வீட்டுக்காரர் கோணியைக் காலால் தொட்டுப் பார்த்தார். "இத என்ன பண்ற?" குப்பையில் கொட்டுவதாகச் சொன்னான். "கொட்டாத. என் முயலுங்களுக்குக் குடு." அன்றிலிருந்து புல் அவருக்குப் போகிறது. குறைந்தால் கேட்கவும் செய்கிறார்.

நான்கு வருடம் ஆகிறது. முதுகுவலி போகவில்லை. அக்காவைப் பார்க்க இரண்டு நாள் போனால், சாவியையும் அரிவாளையும் வீட்டுக்காரரிடம் கொடுத்து, முழங்காலை மடக்கி வீசச் சொல்லிவிட்டுப் போகிறான்.