தாழ் போடாத கதவு

பாஸ்டர் எந்த வீட்டுக் கதவையும் தட்டமாட்டார். வாசற்படிக்குக் கீழே நின்று தொண்டையைச் செருமுவார். உள்ளே கேட்கவில்லையென்றால் இன்னொரு முறை, கொஞ்சம் உரக்கச் செருமுவார். அதற்கும் பதில் இல்லையென்றால் மழையோ வெயிலோ அப்படியே நிற்பார். ஊர் அவருக்குச் 'செருமல் பாஸ்டர்' என்று பட்டப்பெயர் வைத்ததில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. "பட்டாளத்துல இருந்த மனுஷன், எவ்வளவு அடக்கமா வந்து நிக்கிறாரு பாருங்க!" என்று மெச்சிக்கொள்வார்கள். அடக்கமாம்! அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் அவருக்கு உடம்பு கூசும்.

பட்டாளத்தில் அவருக்கு வேறு பட்டப்பெயர் இருந்தது. 'சாவி.' ஊர் ஊராகப் புகுந்து வீடுகளைச் சோதனை போட்ட நாட்களில், கதவை உதைத்துத் திறப்பது அவர் வேலை. "சாவி எங்கடா?" என்று அதிகாரி கேட்டால் கூட்டமே சிரிக்கும். இவரும் பல்லைக் காட்டிக்கொண்டு முன்னால் வருவார். ஒரே உதைதான். அந்தக் காலின் மேல் அவருக்கு அப்படி ஒரு கர்வம்.

ஒரு விடியற்காலையில் உதைத்த கதவு, எந்த எதிர்ப்பும் இல்லாமல் பொசுக்கென்று திறந்துகொண்டது. உள்ளே இருந்த மனிதர் அப்போதுதான் தாழ்க்கட்டையை எடுத்திருந்தார். பாவம், திறக்கத்தான் வந்திருக்கிறார். கதவு நெற்றியில் அடித்து, பின்மண்டை கல்தரையில் மோத மல்லாந்து விழுந்தார். கட்டை கையிலேயே இருந்தது. மறுபடி எழுந்திருக்கவில்லை. "இதெல்லாம் நடக்கிறதுதான். அடுத்த வீடு," என்றார் அதிகாரி. அந்தத் தெருவில் மிச்சமிருந்த கதவுகளையும் இவர்தான் உதைத்தார். ஒரு மூச்சு பொறுத்திருந்தால் அந்த மனிதரே திறந்திருப்பார் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அதற்குப் பிறகும் கால் கூசாமல் உதைத்தோமே என்பதுதான் அவரை இத்தனை வருஷமும் அரித்தது.

சண்டை முடிந்தது. வேதம் படித்தார், பாஸ்டரானார், குடும்பஸ்தரானார். மனைவியிடம்கூட இதைச் சொன்னதில்லை. "போர்க்களத்துல கர்த்தர் என்னைத் தொட்டார்," என்று பிரசங்கத்தில் ஒரு வரி சொல்வார். சபை ஆமென் போடும். அதற்குமேல் யாரும் துருவியதில்லை, இவரும் வாயைத் திறந்ததில்லை.

அந்தச் சபையில் தையலக்கா என்று ஒருவர். வயதில் மூத்தவர்களுக்கும் அவர் அக்காதான், இளையவர்களுக்கும் அக்காதான். கணவர் போனபிறகு முன்னறையில் மிஷினைப் போட்டுக்கொண்டு, பள்ளிச் சீருடையும் ஆஸ்பத்திரித் திரைச்சீலையும் தைத்துப் பிழைத்து வந்தார். வாய் கொஞ்சம் நீளம். பிரசங்கம் இழுத்துக்கொண்டே போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, "இன்னைக்கு நூல் தீர்ந்தப்புறமும் மிஷினை மிதிச்சுக்கிட்டே இருந்தீங்க பாஸ்டர்," என்று எல்லார் முன்னாலும் சொன்னவர்.

அக்காவுக்கு முழங்கால் வலி என்று கேள்விப்பட்டு, ஒருநாள் மதியம் பாஸ்டர் பார்க்கப் போனார். மிஷின் சத்தம் இல்லை. செருமினார். மறுபடி செருமினார். "அக்கா, இருக்கீங்களா?" என்று கூப்பிட்டார். உள்ளேயிருந்து முனகல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. பூனையாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். துணியில் முடி ஒட்டும் என்று தெருப் பூனையைக்கூட விரட்டியடிக்கிறவர் தையலக்கா. அது பாஸ்டருக்கு நன்றாகத் தெரியும். கதவைத் தள்ளக் கையை நீட்டினார். விரல் மரத்தில் படுவதற்குள் உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது, கையை இழுத்துக்கொண்டார். அதற்கப்புறம் செய்ததுதான் வெட்கக்கேடு. கண்ணை மூடி, வாசலில் நின்றபடியே, அக்காவின் முழங்கால் வலி தீர உரக்க ஒரு ஜெபம் பண்ணிவிட்டு வீட்டைப் பார்த்து நடையைக் கட்டினார்.

பொழுது சாய்கிற நேரத்தில், தைக்கக் கொடுத்த மேலங்கியை வாங்க பேக்கரிக்காரம்மா வந்தார். ஒரு குரல் கொடுத்தபடியே கதவைத் தள்ளினார். தாழே போடவில்லை. மேல்தட்டிலிருந்து துணி எடுக்க முக்காலியில் ஏறிய அக்கா, கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, பேச்சுமூச்சில்லாமல் கிடந்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். உயிர் தப்பியதே பெரிய விஷயம் என்றார் டாக்டர்.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. அக்கா வீட்டுக்கு எதிரே இருந்த மருந்துக் கடைக்காரர்தான் சபைச் செயலாளர். பாஸ்டர் வாசலில் கண்மூடி நின்றதைக் கடையிலிருந்து அவர் பார்த்திருந்தார். ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று, "ஆபத்து வந்திருக்குன்னு ஆவியானவர் நம்ம பாஸ்டருக்கு உணர்த்தியிருக்காரு. அந்த ஜெபந்தான் அக்கா உசுரப் பிடிச்சு வச்சுது!" என்றார். சபையே கைதட்டியது. பாஸ்டர் மறுத்துச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். "எல்லா மகிமையும் கர்த்தருக்கே," என்று வெளியே வந்தது. சொல்லி முடித்ததும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அதற்குப் பிறகு தெருவில் இறங்கினால் போதும், ஆட்கள் வந்து கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். எந்தக் கை? கதவுக்குப் பயந்து பின்வாங்கிய அதே கை. அவர் கூனிக் குறுகிப் போனார். அதையும் அடக்கம் என்றார்கள். ஆஸ்பத்திரிக்கு மட்டும் அவர் போகவில்லை. ஜலதோஷம், நோயாளிக்கு ஒட்டிக்கொள்ளும் என்று சாக்குச் சொல்லி ஒவ்வொரு முறையும் மனைவியை அனுப்பினார்.

அக்கா வீடு திரும்பினார். வருகிற ஞாயிறு சக்கர நாற்காலியில் கூட்டி வந்து சாட்சி சொல்ல வைக்கப்போவதாகச் செயலாளர் குதூகலமாக அறிவித்தார். அன்று சாயங்காலமே, அக்காவைப் பார்த்துவிட்டு வந்த மனைவி சேதி சொன்னாள்.

"ஏங்க, அக்கா உங்களை வரச் சொன்னாங்க. தனியா வரணுமாம்."

"வேற என்ன சொன்னாங்க?"

"உங்க ஜெபம் நல்லாக் கேட்டுச்சாம். ஒரு வார்த்தை விடாம கேட்டுச்சுன்னு சொல்லச் சொன்னாங்க." துணி மடித்துக்கொண்டே அவள் பூரிப்போடு சொன்னாள். "எனக்கே எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமா!"

பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடக்கூடாதா என்றிருந்தது அவருக்கு.

மறுநாள் காலையில் போனார். திரும்பிவிடலாமா என்று தெருமுனையில் ஒருதரம் நின்றார். மருந்துக் கடைக்காரர் கடையிலிருந்தே கும்பிட்டார். வேறு வழியில்லாமல் வாசல்வரை போய், பழக்கதோஷத்தில் செருமினார்.

"யாரு, பாஸ்டரா?" உள்ளேயிருந்து தையலக்காவின் குரல் வந்தது. "தொண்டையில என்ன, முள்ளு சிக்கியிருக்கா?"

"நான்தான்க்கா."

"தெரியுது. நான் எந்திரிச்சு வந்து திறக்க முடியாது. அன்னைக்கும் முடியல. தாழ் போடல, தள்ளுங்க."

உள்ளங்கையைக் கதவில் வைத்தார். ஒரு விரற்கடை தள்ளினார், நின்றார். அந்தப் பக்கம் யாராவது மூச்சு விடுகிறார்களா என்று காதைக் கொடுத்தார். இன்னொரு விரற்கடை தள்ளினார். கட்டிலில் படுத்தபடி அக்கா அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் நாக்கு நுனியில் சேர்த்து வைத்திருந்தது நிறைய இருந்தது அவரிடம். முதலில் எரிச்சல்தான் வந்தது.

"என்ன பாஸ்டர் இது? கதவுக்குப் பின்னால யாரும் நிக்கல. தள்ளிக்கிட்டு வாங்க."

கதவு அசையவில்லை.

"நின்னாருக்கா," என்றார் பாஸ்டர் வெளியே இருந்தபடியே. "ஒருத்தர் நின்னாரு."

அந்தக் குரலை அக்கா பிரசங்க மேடையில் கேட்டதே இல்லை. கேட்க வைத்திருந்ததையெல்லாம் விட்டுவிட்டார்.

"உள்ள வந்து சொல்லுங்க," என்றார் பிறகு. "ஞாயித்துக்கிழமை சாட்சி நான் சொல்லப்போறதில்ல. நீங்கதான் சொல்லணும். முதல்ல எங்கிட்ட சொல்லிட்டா, அங்க வாய் திறக்கும்."

கதவு முழுதாகத் திறந்தது. பாஸ்டர் தலை நிமிராமல் உள்ளே வந்தார். அறையில் உட்கார இருந்தது, அக்கா ஏறி விழுந்த அந்த முக்காலி ஒன்றுதான். அதை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

"பட்டாளத்துல என்னைச் சாவின்னு கூப்பிடுவாங்கக்கா," என்று ஆரம்பித்தார்.