மாவு மாத்திரை

மோர்க்காரி வாசலில் வந்து நின்றால் அய்யம்மாள் உடனே செம்பை நீட்டிவிட மாட்டாள். "நீ ஒரு வாய் குடி மொதல்ல" என்பாள். மோர்க்காரி குடித்துக் காட்டிய பிறகுதான் காசு வெளியே வரும். இராஜபாளையத்து மில் லைன் வீடுகளில் இந்தச் சங்கதி பிரசித்தம். மண்பானை வாங்கினால் கடைக்காரன் காது வலிக்கும்வரை தட்டிப் பார்ப்பாள். பெண் பார்க்க வந்த இருளப்பசாமியையே, நொண்டுகிறானா என்று சன்னல் வழியாகத் தெருமுனைவரை அவன் நடையைப் பார்த்துவிட்டுத்தான் சரி என்றாள் என்று அவள் மதினி சந்தனம் கேலி செய்வதுண்டு. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பி ஏமாறுகிற ஊரில் இப்படி ஒருத்தி இருப்பது நல்லதுதான். ஆனால் எதற்கும் ஓர் அளவு வேண்டாமா?

தொண்ணூற்று இரண்டில் அந்த மருந்துச் சோதனை வந்தது. மில்லில் பஞ்சுப் பொதியை உடைத்துப் போடுகிற இடத்துக்குப் புளோரூம் என்று பெயர். அங்கே சில வருசம் நின்றவனுக்கு நெஞ்சில் தூசி கட்டி இருமல் பிடித்துக்கொள்ளும். அதற்கு ஒரு கம்பெனி புது மாத்திரை கண்டுபிடித்து, கொடுத்துப் பார்க்க ஆள் தேடியது. ஸ்ரீவில்லிபுத்தூரில் சின்னதாக ஆஸ்பத்திரி வைத்திருந்த டாக்டர் கிருபாபாய் பொறுப்பெடுத்துக்கொண்டார். இருளப்பசாமி பேர் கொடுத்தான். அய்யம்மாளின் அண்ணன், சந்தனத்தின் புருசன், பேச்சிமுத்துவும் கொடுத்தான். அவன் அதே புளோரூமுக்கு மேஸ்திரி, குடியிருப்பதும் அடுத்த வீடுதான்.

முதல் நாள் எல்லாரையும் உட்காரவைத்து டாக்டரம்மா விளக்கமாகச் சொன்னார். "பாதிப் பேருக்கு மருந்து. மீதிப் பேருக்கு அதே மாதிரி இருக்கிற வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அப்பத்தான் மருந்து உண்மையிலேயே கேக்குதான்னு தெரியும்."

எல்லாரும் தலையாட்டினார்கள். கூடப் போயிருந்த அய்யம்மாள் பஸ் ஏறியதும் ஆரம்பித்துவிட்டாள்.

"குடுக்குற டாக்டருக்கே எதைக் குடுக்கோம்னு தெரியாதாம்ல! கொழம்பு வச்சவளுக்கு உப்புப் போட்டது தெரியாதாக்கும்?"

"ஏட்டி, வாய வச்சிக்கிட்டு சும்மா வா. ஓசி மருந்து" என்றான் இருளப்பசாமி.

"ஓசியில குடுக்கானுவன்னாத்தான் எனக்குப் பயமே."

அந்த மாதமே அவள் சந்தேகத்துக்குத் தீனி கிடைத்தது. இருளப்பசாமிக்கு உடம்பெல்லாம் அரிப்பு. சோற்றைக் கண்டால் குமட்டல். இருமலும் அப்படியே இருந்தது. பேச்சிமுத்துவோ புரட்டாசிச் சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தில் இருக்கிற திருவண்ணாமலைக்குப் போய், எங்கும் நிற்காமல் படியேறிப் பெருமாளைக் கும்பிட்டு வந்தான். "நெஞ்சு லேசாயிருச்சு தாயி" என்று தங்கையிடம் மார்பைத் தட்டிக் காட்டினான். மேஸ்திரி கதவோரம் காற்றில் நிற்கிறான், தன் புருசன் பஞ்சுக்குள் நிற்கிறான் என்பது அவளுக்குத் தோன்றவில்லை. சந்தேகப்படுகிறவர்களுக்கு எல்லாம் தோன்றும், எது தோன்ற வேண்டுமோ அது மட்டும் தோன்றாது.

அப்புறம் அந்த எழுத்துகள். ஒவ்வொரு தடவை சோதித்த பிறகும் டாக்டரம்மா அவரவர் அட்டையில் இரண்டு மூன்று இங்கிலீஷ் எழுத்து எழுதித் தருவார். எட்டாம் வகுப்புவரை படித்த அய்யம்மாள் எழுத்துக் கூட்டிப் பார்த்தாள். புருசன் அட்டையில் ஏ.ஈ. அடுத்த தடவையும் ஏ.ஈ. அண்ணன் அட்டையிலோ ஒவ்வொரு தடவையும் என்.ஏ.டி. மில்காரக் குடும்பத்துக்கு இந்த மாதிரி எழுத்துகள் புதிதில்லை. இ.எஸ்.ஐ. என்றால் ஏதோ கைக்கு வரும், பி.எஃப். என்றால் ஏதோ கையைவிட்டுப் போகும். விரித்துச் சொல்லத் தெரியாவிட்டாலும், எந்த எழுத்து யாருக்கு என்பதில் விசயம் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். அவள் தீர்மானித்துவிட்டாள். என்.ஏ.டி. என்பதுதான் நல்ல மருந்து. அது மேஸ்திரிக்கு. கூலிக்காரனுக்கு மாவு.

அண்ணன்மேல் அவளுக்குக் கோபமில்லை. உயிரையே வைத்திருந்தாள். ஆனால் அவனுக்குத்தான் தேறிவிட்டதே, இனிமேல் மாவு தின்றால் என்ன குறைந்துவிடும்? மதினி தெருக்குழாய்க்குப் போயிருந்த நேரம், அவர்கள் வீட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்த அண்ணன் பாட்டிலை எடுத்தாள். இரண்டு பாட்டில் மாத்திரைகளும் ஒரே நிறம், ஒரே அளவு. அதை இதற்குள்ளும் இதை அதற்குள்ளும் மாற்றிக் கொட்டுவது கடுகு டப்பா மாற்றுவதைவிடச் சுலபமாக இருந்தது. புது பாட்டில் வந்தபோதெல்லாம் அப்படியே செய்தாள்.

பலன் உடனே தெரிந்தது. இருளப்பசாமிக்கு அரிப்பு போனது. இரண்டாம் சோறு கேட்டான். அவன் அட்டையிலும் என்.ஏ.டி. விழுந்தது. அய்யம்மாள் அன்றைக்கு ஆண்டாள் கோயிலில் தேங்காய் உடைத்தாள். ஊரையே ஏமாற்றிய கம்பெனியைத் தான் ஏமாற்றிவிட்டோம் என்று அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை.

கார்த்திகையில் பேச்சிமுத்துவின் கண் மஞ்சளாயிற்று. சந்தனம் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தாள். கேட்கவில்லை. ஒருநாள் எழுந்திருக்கவே மாட்டாமல் போக, கார் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுபோனார்கள். டாக்டரம்மா அட்டையில் பெரிதாக எஸ்.ஏ.ஈ. என்று எழுதினார். கம்பெனிக்குப் போன் போட்டார். பிறகு பீரோவிலிருந்து, அவனுக்கு எந்த மாத்திரை என்று கம்பெனி எழுதி அரக்கு வைத்துத் தந்திருந்த கவரை எடுத்துப் பிரித்துப் பார்த்து, எஸ்.ஏ.ஈ.க்குப் பக்கத்தில் பி.பி.ஓ. என்று எழுதிவிட்டு வார்டுக்கு வந்தார்.

"மருந்தாலதான் இப்படி ஆச்சோன்னு பயந்துட்டேன். இல்ல. இவருக்குப் போனது மாவு மாத்திரைதான். கல்லீரல் வேற எதனாலயோ கெட்டிருக்கு. தண்ணி போடுற பழக்கம் உண்டா?"

"சத்தியமா இல்லம்மா" என்றான் பேச்சிமுத்து. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

சந்தனம் அவனையே பார்த்தாள். "மெய்யாவே குடிச்சீகளா? எனக்குத் தெரியாமக் குடிச்சீகளா?" கல்யாணம் ஆன நாள்முதல் அவனை ஒரு சொல் சந்தேகமாகக் கேட்டிராதவள் கேட்டாள்.

அய்யம்மாள் கட்டிலருகே வந்தாள். கவரில் இருப்பது பொய்யாக இருக்கக்கூடாதா? வாழ்க்கையில் முதல் தடவையாக, தான் நம்பினது மட்டும் மெய்யாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். மெல்லக் கேட்டாள்.

"அம்மா, என்.ஏ.டி.ன்னு எழுதுறீகளே, அது எந்த மருந்து?"

"மருந்து இல்லம்மா. சோதிச்சுப் பார்த்தேன், கோளாறு ஒண்ணும் தெரியலன்னு அர்த்தம்."

"அப்ப ஏ.ஈ.?"

"மாத்திரை சாப்பிடும்போது ஏதாவது கெடுதல் வந்தா அப்படி எழுதுவோம். உங்க வீட்டுக்காரருக்கு அரிப்பு வந்துச்சே, அது. பொறவு நின்னு போச்சு. இந்த எஸ்.ஏ.ஈ. அதுலயே பெருசு, உயிரத் தொடுறது."

அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சொன்னால் என்ன ஆகும் என்று மனசு கணக்குப் போட்டது. மதினி முகத்தில் விழிக்க முடியாது. அண்ணனுக்கு வெள்ளைச் சோற்றில் விசம் வைத்தவள் என்று லைன் வீடு முழுக்கப் பேசும். சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? கவரே மாவு என்று சொல்லிவிட்டது.

பேச்சிமுத்து தலையணைக்கு அடியில் துழாவினான். அந்த பாட்டில். கூடவே எடுத்து வந்திருக்கிறான்.

"மாவோ கீவோ, எனக்கு நெஞ்சு தேறுனது இதுலதான். நான் விட மாட்டேன்" என்று சின்னப்பிள்ளைபோல் ஒரு மாத்திரையை உள்ளங்கையில் தட்டினான்.

டாக்டரம்மா சிரித்தார். "மாவுதானே, சாப்பிட்டுட்டுப் போகட்டும்."

கை வாய்க்குப் போவதற்குள் அய்யம்மாள் பாய்ந்து தட்டிவிட்டாள். மாத்திரை கட்டிலுக்கு அடியில் ஓடியது.

"அது மாவு இல்லண்ணே! அதத் திங்காத! நாந்தான்... நாந்தான் மாத்தி வச்சேன்!"

டாக்டரம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எப்போது, எந்த பாட்டிலை, எத்தனை தடவை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மாவு என்பதற்கு எழுதியிருந்த பி.பி.ஓ.வை அடித்துவிட்டு எழுந்தார். "மாத்திரை சாப்பிடுற அத்தனை பேர் கண்ணையும் இன்னிக்கே பாக்கணும்" என்று போனுக்கு ஓடினார். செட்டியார்பட்டிக்காரர் ஒருவருக்கும் கண் மஞ்சள் தட்டியிருந்தது அன்று சாயங்காலம்தான் தெரிந்தது. சோதனை அதோடு நின்றது.

பேச்சிமுத்து தை பிறந்த பிறகு வீடு திரும்பினான். எலும்பும் தோலுமாக இருந்தான். ஆனால் உயிர் இருந்தது. தங்கையை அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சந்தனம்தான் ஆஸ்பத்திரியில் அவள் சொன்ன நாளிலிருந்து அவளிடம் பேசவில்லை.

மறுநாள் காலையில் அய்யம்மாள் நொய்க்கஞ்சி காய்ச்சி, ஆறவைத்து, தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டு வாசலில் நின்றாள். சந்தனம் வெளியே வந்தாள். வாளியைப் பார்த்தாள். வாங்கக் கை நீட்டவில்லை. உள்ளே போய் ஒரு டம்ளர் எடுத்து வந்து, கஞ்சியை அதில் கொஞ்சம் ஊற்றி, அய்யம்மாளிடமே நீட்டினாள்.

"நீ ஒரு வாய் குடி மொதல்ல."

அய்யம்மாள் வாங்கிக் குடித்தாள்.